லோசாலினே வீட்டுக் கொழுப்புக் கறி

ஹலாபுவா பிடித்துவரும் சங்கரா மீன் அவன் வீட்டு அடுப்பைக் கண்டதில்லை. படகு கரை தட்டும் முன்பே ஏற்றுமதிக்காரனின் ஐஸ் வண்டி வந்து நிற்கும். மீன் விற்ற கையோடு அவன் மனைவி லோசாலினே துறைமுகக் கடைக்குப் போய் உறைந்த ஆட்டு விலாக்கொழுப்பு வாங்கி வருவாள். நியூசிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாக வரும் சரக்கு. பசிபிக் கடலின் டோங்கா தீவில் அதைவிட மலிவாக வயிற்றை நிரப்ப எதுவுமில்லை. சேப்பங்கிழங்கு இலையில் பொதிந்து, தேங்காய்ப்பால் ஊற்றி வேகவைத்தால் மகள் லாவினியா விரலைச் சூப்பிச் சூப்பித் தின்பாள்.

ஒன்பது வயதில் அந்தப் பிள்ளை பள்ளி மைதானத்தில் மயங்கி விழுந்தது. பார்க்கக் கொழுகொழுவென்று இருந்தாள், உடம்பில் ரத்தமில்லை.

"கடலுக்கு நடுவுல குடியிருக்கீங்க. பிள்ளைக்கு ஒரு மீன் குடுக்க மாட்டீங்களா?" என்றாள் நர்ஸ். 

மறு வருஷம் லோசாலினே நியூசிலாந்தில் ஒரு கறித் தொழிற்சாலைக்குக் கூலிவேலைக்குப் போனாள். நல்ல கறியெல்லாம் ஒரு பக்கம் போக, மஞ்சள் கொழுப்பு தொங்கும் விலாச்சவ்வு தனியே குவிந்தது.

"இதை யாரு திம்பாங்க?" என்று கேட்டாள்.

"இங்கயா? எங்க வீட்டு நாயே யோசிக்கும்!" என்று சிரித்தான் மேஸ்திரி. "தீவுக்காரங்க இருக்காங்கல்ல, எவ்வளவு அனுப்பினாலும் அள்ளிக்குவாங்க."

அன்று மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலே திருப்பி வைத்தாள்.

அவள் ஊர் திரும்பிய சமயம் அமைச்சர் ஒருவர் கிராமத்துக்கு வந்தார். விருந்து பரிமாறும் பொறுப்பு லோசாலினேவுக்கு.

"இந்தக் கொழுப்பைத் தடை பண்ணக் கூடாதாங்கய்யா?"

"எனக்கும் ஆசைதாம்மா. வர்த்தக ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டோமே. அவங்க சரக்கை வேண்டாம்னா நம்ம மேலயே வழக்குப் போடுவாங்க."

"அப்ப சாப்பிடுங்க" என்று இலைப்பொதியைப் பிரித்து அவர் முன் வைத்தாள்.

அமைச்சர் கையை இழுத்துக்கொண்டார். "ஐயய்யோ, டாக்டர் தொடவே கூடாதுன்னுட்டார். அந்த மீனை இப்படி நகர்த்தும்மா."

"நீங்க தொடாததைத்தான் எங்க பிள்ளைங்க தின்னணுமா?"

ஹலாபுவா பாய்ந்து வந்து அவள் முழங்கையைப் பிடித்தான். "வாயை மூடுடி, மானம் போகுது."

"நாய் திங்க யோசிக்கிறதைத் தின்னமே, அப்பவே போயிடுச்சு."

மறுநாள் காலை ஐஸ் வண்டிக்காரன் கத்தக் கத்த, இரண்டு பெரிய சங்கராவை மடியில் கட்டிக்கொண்டு நடந்தாள். ஆசை ஆசையாகக் குழம்பு வைத்தாள். லாவினியா ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினாள்.

"முள்ளு முள்ளா இருக்கு. எனக்கு அந்தக் கறிதான் வேணும்."

வளர்த்த நாக்கு அப்படி. அந்தப் பேச்சைக் கேட்டு லோசாலினேவுக்கு வந்த அருவருப்பு மகள் மேல் இல்லை, நாக்கை அப்படிப் பழக்கிய கொழுப்பின் மேல். முள்ளைப் பிரித்துப் பிரித்து ஊட்டினாள். துப்பத் துப்ப ஊட்டினாள். மழைக்காலம் முடியும்போதுதான் லாவினியா தானாக ஒரு துண்டு மீனைக் கேட்டு வாங்கினாள். வெளிறிக் கிடந்த உதடும் சிவந்திருந்தது.

அக்கம்பக்கத்தார் இன்னும் பெட்டிகளைத் தோளில் சுமந்து போகிறார்கள். பனி உருகி வழியும் அந்த வாடை வரும்போதெல்லாம் லோசாலினே வாசல் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.