நேராக வந்த குழாய்கள்

நான் நான்காம் வகுப்பு முடித்த கோடையில் அம்மாவின் வலது கை பாதி வேலையில் நின்றுபோனது. திருத்தங்கலில் எங்கள் வீட்டில் பட்டாசுக் கம்பெனிக்குக் காகிதக் குழாய் உருட்டுவோம். கம்பியில் தாளைச் சுற்றி, பசை தடவி, உள்ளங்கையால் ஒரே தள்ளு. குழாய் வந்து விழும். அன்று தள்ளிய கை அப்படியே கிடந்தது. வாயும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தாள். கை லேசாக அசைந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது, பயிற்சி சொல்லித்தரும் அக்கா அப்பாவிடம் கறாராகச் சொன்னார்: "மொத மூணு மாசந்தான் கை நம்ம பேச்சக் கேக்கும். தினம் முந்நூறு தடவையாவது வேல செய்யணும். வலிக்குதுன்னு விட்டுட்டீகன்னா போச்சு." தினமும் பஸ் ஏறி வர முடியாது என்று அப்பா கையைப் பிசைந்தார். வீட்டில் என்ன வேலை என்று கேட்ட அக்கா, குழாய் என்றதும் சிரித்துவிட்டார். "இதவிட நல்ல பயிற்சி ஏது? அந்தக் கையாலயே உருட்டட்டும். கோணலா வந்தாலும் பரவால்ல."

அப்பா லோடு வண்டி ஓட்டுபவர். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். அம்மாவுக்குக் காவல் நான். ஒரு குழாய் உருட்டுவதற்குள் அவளுக்கு வியர்த்து ஊற்றும், கம்பி நழுவும், பத்தாவதில் கண்ணில் தண்ணீர் நிற்கும். பார்க்க வந்த அத்தை, வாதத்துக்கு நல்லதென்று கொண்டுவந்த புறாக்கறிச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு, "வாதம் வந்த உடம்ப இம்புட்டு அலட்டலாமா? பாவம், படுக்க விடுங்க" என்று அழுதாள். எனக்கு அத்தைதான் நல்லவளாகத் தெரிந்தாள். அந்த அக்கா ராட்சசி.

மறுநாளே கம்பியை நான் பிடுங்கிக்கொண்டேன். "நீ படும்மா, நான் பாத்துக்கிறேன்." நாலைந்து நாள் தடுத்தாள், அப்புறம் அவளும் சோர்ந்துபோனாள். முந்நூறு குழாய் எனக்கு எம்மாத்திரம்! முதலில் வேண்டுமென்றே எல்லாவற்றையும் கோணலாக உருட்டினேன். வாரம் போகப் போகக் கோணலைக் குறைத்தேன். பள்ளிக்கூடம் திறந்ததும் சாயங்காலம் வந்து, அப்பா வருமுன் உருட்டி முடித்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை என்ன சொல்ல!

அப்பா வந்ததும் கூடையைத்தான் பார்ப்பார். ஒரு குழாயை எடுத்து ஒற்றைக் கண்ணால் அதன் வழியே பார்த்து, "கை வந்துருச்சு தாயி" என்பார். பிறகு ஏன் இடது கையால் சாப்பிடுகிறாள் என்று ஒருநாள் கேட்டார். நாளெல்லாம் உருட்டிக் கை களைத்திருக்கிறது என்று நான்தான் பதில் சொன்னேன். அம்மா கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். காட்டுவதற்கென்று அப்பா ஒரு பை நிறையக் குழாய் கொண்டுவந்திருந்தார். அக்கா அம்மாவின் விரல்களைப் பிரிக்கப் பார்த்தார், பிரியவில்லை. ஒரு குழாயை எடுத்துப் பார்த்தார். பிறகு பசை காய்ந்து தோலுரிந்த என் உள்ளங்கையைப் பார்த்தார். நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அம்மா முந்திக்கொண்டாள். வாய் குழறினாலும் எல்லோருக்கும் புரிந்தது. "புள்ளையத் திட்டாதீக. நாந்தான் செய்யல."

அப்பா பையை அந்தப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு எழுந்தார்.

பஸ்ஸில் அம்மாவின் மடியில் தலை வைத்துக்கொண்டு வந்தேன். அடி விழாமல் தப்பித்த சந்தோஷம் எனக்கு. இனிமேல் பாவம், அம்மாவை யாரும் குழாய் உருட்டச் சொல்ல மாட்டார்கள் என்றும் நினைத்துக்கொண்டேன். அது அப்படியே நடந்தது. அதற்குப் பிறகு யாரும் சொல்லவேயில்லை.