வரி வெட்டாத மாசம்

எங்க வீட்டுக்காரரு ஜெயகுமாருக்கு மாசத்துல ஒரு நாள்தான் கோவம் வரும், சம்பளச் சிட்டை கைக்கு வர்ற அன்னைக்கு. மத்த நாளெல்லாம் வாயில்லாப் பூச்சி. சிட்டையைக் கண்டா மட்டும் மனுசனுக்குச் சாமி வந்துரும்.

எவ்வளவு குடுத்தாங்கன்னு பார்க்க மாட்டாரு. எவ்வளவு வெட்டுனாங்கன்னுதான் விரல வச்சுப் படிப்பாரு. தேயிலைத் தோட்டத்துல பொறந்தவங்களுக்கு இது புரியும். தொழிற்சங்கத்துக்குச் சந்தா, கோயில் திருவிழாவுக்கு, மரண உதவிக்கு, வாங்குன முற்பணத்துக்குன்னு எல்லாம் வெட்டி மிச்சம் ஒண்ணு இருக்கும் பாருங்க, அதுக்குப் பேருதான் சம்பளம்.

எளந்தாரியா இருக்கையில ஸ்பிரிங்வெளி தோட்டத்து ஃபெக்டரியில இருந்தாரு. ஒரு மாசம் திருவிழாக் காசை ரெண்டு தடவை வெட்டிட்டாங்க. கேக்கப் போனா, சாமிக்கு ரெண்டு தடவை குடுத்தா புண்ணியம்தானேன்னு கிளாக்கர் சிரிச்சிருக்காரு. அந்தப் புண்ணியம் உங்களுக்கே இருக்கட்டும்னு சொல்லிட்டு அன்னைக்கே வேலையை விட்டுட்டாரு. அப்புறம் பதுளையில ஒரு பேக்கரி. ஒடைக்காத தட்டுக்குக் காசு வெட்டுனாங்கன்னு அதையும் விட்டாரு. நல்ல வேளை, கைக்குச் சமையல் வந்துச்சு. டவுன் ஹோட்டல் ஒண்ணுல பல வருசம் ஓட்டுனாரு. போன வருசம் எல்லங்கிற மலை ஊர்ல ஒரு பெரிய ஹோட்டல்ல தலைமைச் சமையல்காரரா கூப்பிட்டாங்க. வெள்ளைக்காரங்க வர்ற எடம். சம்பளத்தோட சர்விஸ் சார்ஜும் சேர்ந்து வர்ற தொகையை நான் எங்க லயத்து வரிசை வீடுகள்ல வாய்விட்டுச் சொல்ல மாட்டேன், கண்ணு பட்டுரும்.

இந்த மனுசனுக்குத் தோட்டம் சொல்லிக் குடுத்த பாடம் ஒண்ணே ஒண்ணு: கையெழுத்துப் போட்டாத்தான் வெட்டுவான், போடாதவன வெட்ட முடியாது. அவங்கப்பா அழகர், அதான் என் மாமனாரு, யாரோ கேட்டாங்கன்னு ரெண்டு சங்கத்துக்குப் பெருவிரல் ரேகை வச்சிருக்காரு. சாகுற வரைக்கும் ரெண்டு சந்தாவும் வெட்டியிருக்காங்க. சாவு வீட்டுக்கு ரெண்டு சங்கத்துலயும் இருந்து ஒரு ஆளு கூட வரலை. அன்னையிலிருந்து மகன் பேனாவைக் கண்டாலே பத்தடி தள்ளி நிப்பாரு.

எல்ல ஹோட்டல் ஆபீஸ்ல லக்ஷிகான்னு ஒரு யாழ்ப்பாணத்துப் புள்ள கணக்குப் பார்க்குது. தங்கமான புள்ள. வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு, இதுதான் உங்க பிரதான வேலைன்னு எழுதிக் கையெழுத்து வச்சுத் தாங்க, வரிக்கு வேணும்னு ஒரு தாளைக் குடுத்திருக்கு. இவரு மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டாரு. "அங்கயும் சங்கம் வச்சிருக்கானுங்க புள்ள, நான் மாட்டுவனா"ன்னு என்கிட்ட ஒரே பெருமை. அந்தப் புள்ள திரும்பத் திரும்பக் கேட்டும் மழுப்பிட்டாரு. தாளு எங்க வீட்டு மொளகாத்தூள் போத்தலுக்கு அடியில கெடந்துச்சு.

மொதச் சிட்டை வந்துச்சு. வரின்னு ஒரு பெரிய வெட்டு. அடுத்த மாசமும் அதே வெட்டு. கையெழுத்தே போடாதவனுக்கு எப்படி வெட்டலாம், இது பகல் கொள்ளைன்னு குதிச்சாரு. வேலையை விடுறேன்னு கடிதாசியே எழுதிட்டாரு. எங்க மக மதுஷா அப்பத்தான் கொழும்புல தாதிப் படிப்புக்குச் சேர்ந்திருந்தா. பழைய ஹோட்டல் சம்பளத்துல அவ படிப்பு நடக்காது, பெட்டியக் கட்டிக்கிட்டு வந்துர வேண்டியதுதான். கடிதாசி குடுக்குறதுன்னா நானும் வர்றேன்னு நல்ல சீலையைக் கட்டிக்கிட்டு பஸ்ஸுல அவரு பக்கத்துலயே ஒக்காந்துட்டேன்.

லக்ஷிகா இவரு கத்துறதெல்லாம் முடியட்டும்னு பொறுமையா இருந்துச்சு.

"அண்ணை, நீங்கள் கையெழுத்து வைக்காதபடியாலதான் இவ்வளவு வெட்டுப்படுது. உங்களுக்கு வேற எங்கயோ முதல் வேலை இருக்கு, இது ரெண்டாவது எண்டு கணக்குப் போகுது. ரெண்டாவது வேலைக்குச் சலுகை இல்லை, முதல் ரூபாயிலயே வரி."

நான் மெதுவா இவரு பக்கம் திரும்பினேன். எனக்குத் தெரியாம மொத வேலை ஒண்ணா? அந்தச் சம்பளம் எங்க போகுது, எந்த வீட்டுக்குப் போகுது? மாரியம்மன் சத்தியமா இல்லன்னு மனுசன் அங்கயே தலையில அடிச்சுக்கிட்டாரு. லக்ஷிகா சிரிப்பை அடக்கிக்கிட்டு வெளங்கப்படுத்துச்சு. கையெழுத்து வச்சா மாசம் ஒன்றரை லட்சம் வரைக்கும் வரி இல்லையாம், அதுக்கு மேல உள்ளதுக்குத்தானாம். இதுவரைக்கும் கூட வெட்டுனதை வருசக் கடைசியில வரித் திணைக்களத்துல கணக்குக் காட்டிக் கேக்கலாமாம்.

வெட்டைக் கொறைக்கக் கையெழுத்துன்னா எங்க தோட்டத்துல எவன் நம்புவான்? தாளை முன்னும் பின்னும் மூணு தடவை திருப்பிப் பார்த்தாரு. ஒரு வழியாப் போட்டாரு. விலகல் கடிதாசியை நான் அவரு பையில இருந்து எடுத்து, திரும்பி வர்ற பஸ்ஸு தெமோதரையைத் தாண்டுறதுக்குள்ள கிழிச்சுப் போட்டேன்.

அடுத்த சிட்டையில பெரிய வெட்டு போயிருச்சு. ஆனா வரின்னு கொஞ்சூண்டு இன்னும் இருந்துச்சு. சரி, இன்னைக்கும் சாமி வரும்னு நான் சட்டிபானையை எல்லாம் ஒதுக்கி வச்சேன். இவரு வாசப்படியில ஒக்காந்து வரின்னு போட்டிருந்த எடத்துல விரல வச்சாரு.

"எங்கப்பாவுக்குப் பிரஜாவுரிமை இல்லன்னு சொல்லிச் சொல்லியே சாகடிச்சாங்க. சாகுற வரைக்கும் இந்த நாடு அவரை ஒரு ஆளா சேக்கலை. இப்ப என்கிட்ட வரி கேக்குது, விஜயா."

எனக்கு அழுகை வந்துருச்சு. தேத்தண்ணி ஊத்தப் போயிட்டேன்.

அதுக்கப்புறம் அவரு பண்ணுன அலப்பறையைக் கேக்கணுமே. சிட்டையைப் பிளாஸ்டிக் உறையில போட்டு லயம் லயமா காட்டுனாரு. பழைய கிளாக்கரு வீட்டுக்கும் போனாரு. பஸ்ஸு குழியில எறங்குனா, என் காசுல போட்ட ரோட்டைப் பாருன்னு பக்கத்துல இருக்குறவங்ககிட்ட நியாயம் கேக்குறாரு. லயத்துப் பொம்பளைங்க எனக்கு வரிக்காரர் பொண்டாட்டின்னு பேரே வச்சுட்டாளுங்க.

போன மாசம் ஒரே மழை. எல்லயில வெள்ளைக்காரங்களே இல்லை. சர்விஸ் சார்ஜ் சுருங்கி, சம்பளம் ஒன்றரை லட்சத்துக்குக் கீழ எறங்கிருச்சு. வரி பக்கத்துல சைபர். சம்பளம் கொறஞ்சதைப் பத்தி மனுசன் வாயே தொறக்கலையாம். சிட்டையைத் தூக்கிக்கிட்டு நேரா லக்ஷிகா மேசைக்குப் போய் நின்னுருக்காரு. அந்தப் புள்ளதான் போன்ல சொல்லுச்சு.

"ஏன் மிஸ், என் பேரை எடுத்துட்டீங்களா?"

எடுக்கலை அண்ணைன்னு சொன்னா கேக்கலையாம். கம்ப்யூட்டரைத் திருப்பி, அவரு பேரு வரிப் பட்டியல்ல இன்னும் இருக்கிறதைக் காட்டுன பெறகுதான் சமையக்கட்டுக்குப் போனாராம்.