கண்டியில் இருந்த கால்

என் அப்பா கந்தப்பன் மலையகத்தில் டயகம தேயிலைத் தோட்டத்துக்காரர். இலங்கை ஆமியில் லொறி ஓட்டியவர். வடக்கில் சண்டை நடந்தபோது அரிசி ஏற்றிக்கொண்டு போன வழியில், கண்ணிவெடியில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஊர் திரும்பியவரை "வாங்க" என்றவர்களைவிட, "நம்ம சனத்தையே சுடப் போனவன்" என்று முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள்தான் அதிகம். அவர் யாரைச் சுட்டார்? ஏற்றியது அரிசியும் பருப்பும். இதற்காகக் கோயில் திருவிழாவில் எத்தனை பேரோடு சண்டை பிடித்திருக்கிறேன்! அப்பாதான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவார்.

"விடு புள்ள, அவங்க வீட்டுலயும் யாராவது செத்திருப்பாங்க" என்பார்.

சும்மா சொல்லக்கூடாது, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அப்படி ஒரு குடும்பஸ்தனை நான் பார்த்ததில்லை. அம்மா வேலாயி கொழுந்தெடுக்கக் கிளம்புமுன் அடுப்பு மூட்டித் தேத்தண்ணி கொடுப்பது அவர்தான். எனக்கு இரட்டைப் பின்னல் போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியதும் அவர்தான். மற்ற ஆம்பிளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே! அவர்கள் வீட்டுப் பெண்கள் அம்மாவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது எனக்குத் தெரியும்.

செயற்கைக் காலைக் கழற்றிவிட்டால் அவருக்கு அம்மாவின் தோள்தான். வேறு யாரையும் பிடிக்கமாட்டார், என்னையும்கூட.

இந்த வருஷம் அந்தச் செயற்கைக் காலின் பாதம் பிளந்துவிட்டது. சரிசெய்யச் சொல்லிக் கண்டியில் கால் செய்யும் இடத்தில் கொடுத்துவிட்டு வந்தோம். அது திரும்பி வருமுன்னே நெஞ்சுவலி வந்து அப்பா போய்விட்டார்.

அம்மா அழவில்லை. பெட்டிக்குள் கிடந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டி ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது.

"காலைக் கொண்டாந்து மாட்டுங்க. அப்புறம் தூக்குங்க."

"அது கண்டியில இருக்கும்மா" என்றான் தம்பி நிரஞ்சன்.

"போய் எடுத்துட்டு வா. கால் இல்லாதப்ப என் தோளைப் புடிச்சுத்தானே நடந்தாரு? போற எடத்துல நான் இல்லையேடா. யாரைப் புடிப்பாரு?"

தம்பி வேன் பிடித்துக்கொண்டு ஓடினான். அன்று போயா தினம், பௌர்ணமி விடுமுறை; அந்த இடம் பூட்டியிருந்தது. வெறுங்கையோடு வந்து வாசலில் நின்று தேம்பினான். இதற்குமேல் வைத்திருக்க முடியாது என்றார்கள் பெரியவர்கள்.

"செத்தவருக்கு எதுக்கும்மா காலு?" என்றார் ஒருவர்.

"அப்ப வேட்டி எதுக்கு? அதையும் உருவிட்டு அனுப்புங்க!" என்று கத்தினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் கத்தி என்ன செய்ய? தப்பு மேளம் முழங்கியது. அம்மா பெட்டியின் மேலிருந்த கையை மெல்ல எடுத்துக்கொண்டார். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் போன் வந்தது. சிங்களத்தில் ஒரு பெண் அன்பாகப் பேசினாள். கால் தயாராம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரவேண்டுமாம், நடக்கவைத்துப் பார்க்கவேண்டுமாம். சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

அம்மாவும் நானும் போனோம். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பிள்ளை கண் கலங்கிக் காலைத் துடைத்துக் கொடுத்தாள். பஸ்ஸில் அதை மேலே வைக்கச் சொன்னேன். அம்மா கேட்கவில்லை. டயகம வரை மடியிலேயே வைத்திருந்தார்.

பெண்கள் புதைகுழிக்குப் போகக்கூடாதாம். தடுக்க வந்திருந்தால் தெரிந்திருக்கும் சேதி! யாரும் வரவில்லை. அப்பாவின் கால்மாட்டில் நான் மண்வெட்டியால் தோண்ட, அம்மா அந்தச் செயற்கைக் காலைக் குழிக்குள் வைத்து மண்ணைத் தள்ளி மூடினார்.

"இந்தாங்க, மாட்டிக்குங்க. மாட்டிக்கிட்டு மெதுவா முன்னால நடங்க. நான் பின்னால வாறேன்."

"பேசாம இரும்மா!" என்று அதட்டினேன். அதட்டத்தான் வந்தது. அம்மா மண்ணைத் தட்டித் தட்டிச் சமப்படுத்திக்கொண்டே இருந்தார். அப்பா செத்த அன்றைக்கு வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.