இறைப்பு மெசினின் பேரிங்

உடுவிலில் தில்லைநாதனின் ஏ-40 கார் வருவதைக் கண்ணால் பார்க்கத் தேவையில்லை. முன்சில்லுப் பேரிங் தேய்ந்து ஊளையிடுகிற சத்தம் காருக்கு முன்னே வந்து சேர்ந்துவிடும். பிரேக் அதைவிட மோசம். மருதனார்மடம் சந்தியில் நிற்க வேண்டுமென்றால் நாலு வீடு முந்தியே மிதிக்கத் தொடங்க வேண்டும். வாடகைக்கு ஏறியவர்கள் ஒவ்வொருவராகச் சைக்கிளுக்கு மாறினார்கள். உயிரில் ஆருக்குத்தான் ஆசையில்லை!

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை; பெற்றோலும் உதிரிப்பாகமும் வராமல் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய காலம். காரை விற்ற கொம்பனி எப்போதோ பூட்டியாயிற்று. திறந்திருந்தாலும் அந்த விலைக்கு இவருக்கு வக்கில்லை. கோப்பாயில் ஒரு வளவுக்குள் உக்கிக் கிடந்த லொறியின் பிரேக் பட்டியைக் கழற்றி, அளவாக வெட்டித் தன்னுடைய காருக்கு அறைந்தார். பிரேக் எண்ணெய்க்குப் பதிலாக ஆமணக்கெண்ணெய் விட்டார். பிரேக் பிடித்தது. பேரிங்தான் எங்கே தேடியும் அகப்படவில்லை.

கடைசியில் அகப்பட்டது சொந்தக் கிணற்றடியில். மனைவி ஞானாம்பிகையின் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மெசின் சாக்குப் போர்த்தியபடி மாதக்கணக்காகச் சும்மா கிடந்தது. கிடைக்கிற மண்ணெண்ணெயை எல்லாம் கார் குடித்தால் மெசினுக்கு எங்கே மிஞ்சும்? மெசினில் மட்டும் கைவைக்க வேண்டாம், எண்ணெய் வந்தால் தோட்டம்தான் சோறு போடும் என்று அவள் பலமுறை சொல்லியிருந்தாள். அவள் சந்தைக்குப் போன நேரம் பார்த்து மனுசன் அதைக் கழற்றினார். பேரிங் அளவு அச்சொட்டாகப் பொருந்தியது. வெறும் மெசினை முன்போலவே பூட்டி, சாக்கையும் போர்த்திவிட்டார். அவள் அறிவதற்குள் வேறொன்று தேடிப் போட்டுவிடலாம் என்பது அவருடைய நினைப்பு.

கார் சத்தமில்லாமல் ஓடியதைக் கண்டு ஞானாம்பிகைக்குப் பிடிபடாத சந்தோசம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தது அவள்தான். தில்லைநாதன் கிணற்றடிப் பக்கம் திரும்பாமல் அந்தத் தேசிக்காய்களை நசித்துக்கொண்டு ஓட்டிப் போனார்.

கூட்டுறவுச் சங்கக் கடையில் மண்ணெண்ணெய் கொடுத்த கிழமை, அவர் வாடகை ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்தபோது, ஞானாம்பிகை கிணற்றுக்கட்டின் கீழே விழுந்து கிடந்தாள். பக்கத்தில் வாளியும் கயிறும். எழும்ப முடியவில்லை. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது. அயலவர்களைக் கூப்பிட்டு, தூக்கிப் பின் இருக்கையில் கிடத்தி, யாழ்ப்பாணம் ஆசுபத்திரிக்கு விட்டார்.

"இஞ்சாருங்கோ, மெசினை இழுத்து இழுத்துப் பாத்தன், இறுகிப்போச்சு," என்றாள் அவள் வழியில், பல்லைக் கடித்துக்கொண்டு. "சும்மா கிடந்து கறள் பிடிச்சிட்டுது. இடைக்கிடை நான் சுத்திவிட்டிருக்க வேணும். என்ரை பிழைதான். வெங்காயம் வாடுதெண்டு கையாலை அள்ளினன்."

அவர் தெருப் பள்ளங்களை விலத்தி விலத்தி ஓட்டினார்.

"காராவது சத்தமில்லாமல் ஓடுதே," என்று அவள் தன்னையே தேற்றிக்கொண்டாள்.

இதற்கு மேல் மனுசனால் தாங்க முடியவில்லை.

"கறள் இல்லை ஞானம்," என்றார். "நான்தான் மெசின்ரை பேரிங்கைக் கழட்டிக் காருக்குப் போட்டனான்."

ஆசுபத்திரி வாசல் வந்தது. பிரேக் நல்லபடியாகப் பிடித்தது. அவர் ஓடிவந்து பின்கதவைத் திறந்து இரண்டு கைகளையும் நீட்டினார். ஞானாம்பிகை அந்தக் கைகளைப் பிடிக்கவில்லை. ஆசுபத்திரி ஆட்கள் வரும்வரை இருக்கையின் விளிம்பைப் பிடித்தபடியே கிடந்தாள்.