லேப் மேசையில் அராபிகா

காபியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. குடித்தோமா, டம்ளரைக் கழுவி வைத்தோமா, வேலையைப் பார்த்தோமா என்று இல்லாமல், ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடி, "ஆரஞ்சுத் தோல்... பனைவெல்லம்... கடைசில லேசா மல்லிகை" என்று ஒருவர் சொல்வதை முதன்முதலில் கேட்டபோது, மனிதருக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அவர் எங்கள் பிளாண்ட் ஹெட். பெங்களூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். வந்த முதல் வாரமே கேன்டீன் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது காபி இல்ல, சிக்கரிக் கஷாயம்" என்று அறிவித்தார். அடேயப்பா, என்ன கண்டுபிடிப்பு. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் கேன்டீன் காபியைக் காபி என்று நம்பிக் குடிக்கிறவர் யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. நாங்கள் எல்லாரும் டீ குடிக்கிறவர்கள். காபி ஆடிட்டர்களுக்கு.

நான் அந்த ரப்பர் தொழிற்சாலையின் தண்ணீர் லேபில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். பாய்லருக்குப் போகும் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து துளிகூட இருக்கக் கூடாது. இருந்தால் குழாய்க்குள் சுண்ணாம்பு செதிலாகப் படியும், குழாய் அளவுக்கு மீறிச் சூடாகும், ஒரு நாள் வெடிக்கும். வெடிக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. வெடிக்காதவரை அப்படி ஒரு வேலை இருப்பதே மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது.

லேப் இன்சார்ஜாக இருந்தவர் ரிட்டயர் ஆனபிறகு எட்டு மாதம் அவர் வேலையையும் நான்தான் பார்த்தேன். ரிப்போர்ட்டில் இன்சார்ஜ் கையெழுத்துப் போடவேண்டிய கட்டத்தில், சின்னதாக 'ஃபார்' என்று எழுதி அதன் கீழே என் கையெழுத்தைப் போடுவேன். அவருக்காக நான், என்று அர்த்தம். ஆளே இல்லாத நாற்காலிக்காக நான். என் அப்பா அடுத்தவர் கழனியில் நாற்று பிடுங்கி என்னை பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிக்க வைத்தார். அந்த நாற்காலி எனக்கு வேண்டும் என்று சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. வேலையை நான் செய்கிறேன், பதவி காலியாகக் கிடக்கிறது, அதை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். கொடுக்க வேண்டிய இடத்தில் இருந்தவர் இந்த ஆரஞ்சுத் தோல் மனிதர்.

அவர் தன் அறையில் ஒரு கண்ணாடிக் கூம்பு, அதில் வைக்கக் காகித ஃபில்டர், கையால் சுற்றும் அரவை மெஷின், கொக்கு மாதிரி நீண்ட மூக்கு வைத்த கெட்டில் எல்லாம் வாங்கி அடுக்கினார். பாபாபுதன் மலையில் ஒரே ஒரு தோட்டத்தில் விளைந்த அராபிகா கூரியரில் வரும். பக்கத்துத் தோட்டத்துக் கொட்டை ஒன்றுகூடக் கலக்காததாம். பாக்கெட்டின் மேல் எத்தனை அடி உயரம், என்ன ரகம், எப்படிக் காயவைத்தது என்று கல்யாணத்துக்குப் பார்க்கிற ஜாதகம் போல அச்சடித்திருப்பார்கள். இத்தனையும் வைத்துக்கொண்டு மனிதர் தண்ணீரில் கோட்டை விட்டார். எங்கள் போர் தண்ணீர் உப்பு. கேன் தண்ணீர் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. தொழிற்சாலையிலேயே படுசுத்தமான தண்ணீர் எது என்று விசாரித்திருக்கிறார். உப்புச் சத்து முழுவதையும் நீக்கி பாய்லருக்கு அனுப்புகிறோமே, அந்தத் தண்ணீர்தான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஆளை விட்டுக் கேனில் பிடித்துவரச் சொல்லி, அதிலேயே காபி போட ஆரம்பித்துவிட்டார்.

காபி புளித்தது. அந்தப் புளிப்புக்குப் பின்னால் வேறு எதுவும் இல்லை, வெறும் வாயைக் கொப்பளித்த மாதிரி இருந்தது. அவர் கொட்டையைக் குறை சொன்னார், தோட்டத்துக்காரருக்குப் புகார் எழுதினார், அரவையை மாற்றினார், கடைசியில் கூம்பைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாய் என்று ஆபீஸ் உதவியாளர் மேல் பாய்ந்தார். தண்ணீரை மட்டும் சந்தேகிக்கவில்லை. சுத்தமானது எப்படித் தப்பாகும்?

"பாய்லரு குடிக்கிற தண்ணிய அவரு குடிச்சிகினு கீறாரு மேடம். உள்ள செதிலே படியாது. நூறு வயசு இருப்பாரு," என்றார் பாய்லர் ஆபரேட்டர். அவரும் நானும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரித்ததோடு நின்றிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை. நேராக அவர் அறைக்குப் போய், "சார், காபித்தூள்லேருந்து ருசிய இழுக்கறதுக்குத் தண்ணில கொஞ்சம் கால்சியமும் மெக்னீசியமும் வேணும். இது வெறும் தண்ணி, இதால இழுக்க முடியாது," என்றேன். லேபுக்கு வந்து, அந்த உப்பு நீக்கிய தண்ணீரில் போர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, கடினத்தன்மையை அளந்து அளந்து, ஒரு லிட்டர் பாட்டிலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதில் காபி போட்டார். இந்தத் தடவை கண்ணை மூடியவர் திறக்க வெகுநேரமானது. "பிரில்லியன்ட்," என்றார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்து போய்விட்டது. அவரை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுவேன். ஆனால் குளிர்ந்தது என் மனசுதான், அதை மறைப்பதில் நியாயம் இல்லை.

"இன்னாத்துக்கு மேடம் போய் சொன்னீங்கோ?" என்றார் ஆபரேட்டர், நான் திரும்பி வந்ததும். "தண்ணி உங்களுது. நாளைக்குக் காப்பியும் உங்களுதுன்னுவாரு. சொந்த செலவுல பேஜாரு."

அப்படியே நடந்தது. மறுநாள் பிளாண்ட் ஹெட் லேபுக்கு வந்தார். அவர் வந்து இரண்டு மாதமாகியும் லேபுக்குள் அதுவரை கால் வைத்ததில்லை. இரண்டு தசமம் வரை காட்டும் தராசு, தெர்மாமீட்டர், ஸ்டாப்வாட்ச் எல்லாவற்றையும் திருவிழாவுக்கு வந்த பிள்ளை மாதிரி பார்த்தார். "இனிமே காபி இங்கயே போடலாமே," என்றார். நான் கதவைக் காட்டினேன். லேபுக்குள் உணவும் பானமும் கூடாது என்று அதில் எழுதி ஒட்டியிருந்தது. அவர் ஒரு நிமிடம் யோசித்தார். மறுநாள் லேப் மேசையின் ஒரு மூலையைச் சுற்றி மஞ்சள் டேப் ஒட்டி, 'காபி ஸ்டேஷன்' என்று போர்டும் வைத்துவிட்டார்கள். டேப்புக்கு உள்ளே லேப் கிடையாதாம். டேப்புக்கு இந்தப் பக்கம் ஆசிட் புட்டி, அந்தப் பக்கம் மல்லிகை வாசனை. தொழிற்சாலையில் மஞ்சள் டேப் ஒட்டிவிட்டால் எந்தப் பைத்தியக்காரத்தனமும் ஒழுங்குமுறை ஆகிவிடும்.

மாட்டேன் என்று சொல்லவில்லை. ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் பதினொரு மணிக்கு என் மேசை முன்னால் வந்து பதினைந்து நிமிடம் நிற்கிற பெரிய அதிகாரி, காபியைப் பார்க்கிற கண்ணாலேயே என் வேலையையும் பார்ப்பார் என்று கணக்குப் போட்டேன். பெரிய ராஜதந்திரி நான்.

ஒப்புக்கொண்டதும் ஒழுங்காகச் செய்தேன். எதையும் அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது, அதுவும் ஒரு வியாதிதான். ஒரு கப்புக்குப் பதினைந்து கிராம் தூள், இருநூற்று நாற்பது மில்லி தண்ணீர், தொண்ணூற்று மூன்று டிகிரி. தூள் ரவை மாதிரி இருக்க வேண்டும். மாவாகிவிட்டால் கசக்கும், பெரிதாக நின்றுவிட்டால் புளிக்கும். முதலில் தூள் நனைகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி அரை நிமிடம் விட்டால், தூள் பொங்கி மேலே எழும்பும். புதுத்தூள்தான் அப்படிப் பொங்கும், பழையது சவம் மாதிரி கிடக்கும். பிறகு நடுவிலிருந்து வட்டமாக, மெதுவாக ஊற்ற வேண்டும். மூன்று நிமிடத்துக்குள் இறங்கிவிட வேண்டும். ஏற்காட்டுக் கொட்டை வந்தால் கூம்பு வேண்டாம், கொஞ்சம் பெரிதாக அரைத்து பிரெஞ்ச் பிரஸில் நாலு நிமிடம் ஊறவைத்து அழுத்தினால்தான் அதன் சாக்லேட் கனம் நாக்கில் நிற்கும். வீட்டில் எங்கள் எவர்சில்வர் டிகாக்ஷன் ஃபில்டரிலும் ஒரு நாள் பாபாபுதன் தூளைப் போட்டுப் பார்த்தேன். பாலை ஊற்றியதும் ஆரஞ்சும் காணோம், மல்லிகையும் காணோம். மிச்சமிருந்தது ஒரு புளிப்பு. என் வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, பால் திரிந்துவிட்டதா என்று கேட்டார்.

ஒரு தடவை பழத்தோடேயே காயவைத்த கொட்டை வந்தது. போட்டு, கொஞ்சம் ஆறவிட்டு, நானும் அரை கப் குடித்தேன். பலாச்சுளை வாசனை. பழுத்து இரண்டு நாளான சுளை, கொஞ்சம் பொங்கிய மாதிரி இருக்குமே, அதே வாசனை. கற்பனையே இல்லை, நிஜமாகவே கப்புக்குள் இருந்தது. அந்த ஆள் சொல்வதில் ஒன்றாவது உண்மையாக இருந்து தொலைத்துவிட்டதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரை கப்பையும் மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பார்த்துவிட்டு வருகிற வெளிநாட்டு கஸ்டமர்களை அவர் நேராக லேபுக்குக் கூட்டிவருவார். பாய்லர் தண்ணீரின் சார்ட்டைத் தாண்டி, ஆசிட் புட்டிகளைத் தாண்டி, மஞ்சள் டேப்புக்கு முன்னால் நிறுத்துவார். "இந்தத் தண்ணிக் கலவை நான் உருவாக்கினது," என்பார். கூச்சமே கிடையாது. பிறகு என்னைக் காட்டி, "இவங்கதான் எங்க காபி எக்ஸ்பர்ட்," என்பார். நான் சிரிப்பேன். கழுதை மாதிரி சிரிப்பேன்.

அந்த மாதங்களில்தான் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு பாய்லர் தண்ணீரில் சுண்ணாம்பு கசிவதைக் கண்டுபிடித்தேன். உப்பை நீக்கும் ரெசின் தீர்ந்துபோயிருந்தது. ஆபரேட்டருக்கு போன் போட்டேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் தண்ணீரை நிறுத்தினார். உற்பத்தி இரண்டு மணி நேரம் நின்றது. உற்பத்தி மேனேஜர் என்னைப் பேசாத பேச்சில்லை. ஆனால் குழாய்கள் தப்பின. பதினொரு மணிக்கு பிளாண்ட் ஹெட் வந்தபோது, தண்ணீர் ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். இதற்காகத்தானே இத்தனை நாளாகக் காபி போட்டேன். அவர் கேட்டார். "குட், குட்," என்றார். ஒரு வாய் உறிஞ்சினார். "இன்னிக்குக் கொஞ்சம் கசப்பு தூக்கலா இருக்கே, அரவை மெல்லிசாயிடுச்சோ?" என்றார். த்தூ, இவரெல்லாம் ஒரு அதிகாரி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அரவையைச் சரி செய்தேன்.

ஒருவழியாக லேப் இன்சார்ஜ் பதவிக்கு இன்டர்வியூ வைத்தார்கள். பிளாண்ட் ஹெட்டும், ஹெட் ஆபீஸிலிருந்து இரண்டு பேரும். எனக்குப் பத்தரை மணி. எட்டு மாத ரிப்போர்ட், ரெசின் தீர்ந்த அன்றைய கிராஃப், தவிர்த்த பழுதுகளின் பட்டியல் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டேன். பொங்கலுக்கு எடுத்த புடவையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு போனேன். "போங்க மேடம், உங்கள உட்டா இங்க யாரு கீறா," என்றார் ஆபரேட்டர். கிண்டல் இல்லாமல் அவர் பேசி அன்றுதான் கேட்டேன்.

கான்ஃபரன்ஸ் ரூம் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பிளாண்ட் ஹெட்டின் முகம் மலர்ந்தது. "நான் சொன்னேன்ல, இவங்கதான்," என்றார். ஹெட் ஆபீஸ்காரர்களில் ஒருவர் உடனே தன் முன்னால் இருந்த காகிதங்களைத் திரட்டி ஓரமாக வைத்தார். இன்னொருவர் லேப்டாப்பை நகர்த்தினார். மேசை நடுவில் ஒரு ட்ரே வைக்கிற அளவுக்கு இடம் வந்தது. என் கையில் ஃபைல் இருப்பதை யாரும் பார்க்கவில்லை.

"சார், நான் இன்டர்வியூவுக்கு வந்திருக்கேன்," என்றேன்.

பிளாண்ட் ஹெட் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, அதுதான் இன்னும் மோசம். "தெரியுமே, உங்க பேரும் லிஸ்ட்ல இருக்கு. காபி குடிச்சிட்டு ஆரம்பிக்கலாமே. இவங்க அதுக்காகவே காத்துக்கிட்டு இருக்காங்க."

ஃபைலை வைக்க மேசையில் இடம் இல்லை. கூடவே எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனேன், காபி போட்டேன், கொண்டுவந்து வைத்தேன், உட்கார்ந்தேன். மூன்று கேள்வி கேட்டார்கள். எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று ஒன்று. ஷிஃப்ட் மாற்றிப் போட்டால் வீட்டில் கஷ்டமில்லையா என்று ஒன்று. இந்தக் கொட்டை எந்த ஊர் என்று ஒன்று. மூன்றாவதற்குத்தான் நீளமாகப் பதில் சொன்னேன்: மலை, உயரம், காயவைத்த விதம், தண்ணீர். தலையைத் தலையை ஆட்டிக் கேட்டார்கள். ஃபைலை நீட்டினேன். "இருக்கட்டும், உங்களப் பத்தித் தெரியாததா," என்றார் பிளாண்ட் ஹெட். பிறகு அந்த இரண்டு பேரையும் பார்த்து, "இவங்கள அந்த சீட்ல போட்டுட்டா இத யாரு பாக்கறது, சொல்லுங்க," என்றார். மூவரும் சிரித்தார்கள். எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

அடுத்த வாரம் வேறொரு பிளாண்டிலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவந்து போட்டார்கள். பாவம், நல்ல மனிதர். தண்ணீரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, என்னைக் கேட்டுக் கற்றுக்கொள்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிளாண்ட் ஹெட் மேல்கூடப் பெரிதாக இல்லை. நாக்கைத் தவிர வேறு எதுவும் வேலை செய்யாத ஆளிடம் நியாயத்தை எதிர்பார்த்தது என் தப்பு. எனக்கு ஆறாமல் இருப்பது, இன்டர்வியூ அன்று நான் எழுந்துகொண்டபோது நடந்தது. முடிவு தெரிந்துவிட்டது. இனிமேல் அந்த அறையில் இழக்க எனக்கு ஒன்றும் இல்லை. ஃபைலை எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் போய்விட்டேன். பின்னாலிருந்து பிளாண்ட் ஹெட், "இன்னொரு ரவுண்ட் கிடைக்குமா?" என்றார்.

லேபுக்குப் போனேன். நாற்பத்தைந்து கிராம் நிறுத்தேன். தண்ணீர் தொண்ணூற்று மூன்று டிகிரிக்கு வருகிறவரைக்கும் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நேராகக் கொதிக்கிற தண்ணீரைக் கொட்டியிருக்கலாம், அரவையைக் கெடுத்திருக்கலாம், போடவே மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். கை கேட்கவில்லை. கப்புகளைக்கூட வெந்நீர் ஊற்றிச் சூடுபண்ணி வைத்தேன். அவ்வளவு நல்ல காபியை அதற்கு முன்னால் நான் போட்டதில்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன்.