பரங்கிக்காய் சூப்பும் ஒற்றை நட்சத்திரமும்

வெளியே சாப்பிடுவது எனக்குப் பிடிக்கும். குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு இதைச் சொல்லும் வழக்கத்தை எப்போதோ விட்டுவிட்டேன். வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். மதிய இடைவேளையில் போனை எடுத்து, மேப்பில் பக்கத்து ஓட்டல்களைத் தேடி, யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படிப்பேன். சாப்பிட்டு வந்ததும் நானும் இரண்டு வரி எழுதுவேன். பொங்கலில் மிளகு முழுசாகக் கிடந்தால் அதை. கை கழுவுமிடத்தில் சோப்பு இல்லையென்றால் அதையும். என் அண்ணனுக்கு இது ஆகாது. "பொம்பள வீட்ல ஆக்காம போன்ல ஓட்டல் தேடிக்கினு கீறா" என்பான். தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை, அம்மாவை செங்கம் சாலையில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தேன். கீழ் வரிசையில் மிச்சமிருந்த நான்கு பற்களையும் பிடுங்கினார்கள். "ஒரு மணி நேரம் பஞ்சைக் கடிச்சிக்கினே இருக்கணும். அப்புறம் ஆறின கஞ்சி, சூப்பு. காரம் கூடாது" என்றார் டாக்டர். அம்மா சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவள், பசி தாங்க மாட்டாள். அடி அண்ணாமலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே ஸ்கூட்டியைத் திருப்பியிருக்கலாம். வாயில் பஞ்சோடு அம்மா என் போனைச் சுட்டிக் காட்டினாள். தேடு என்று அர்த்தம்.

'சூப்' என்று தட்டினேன். கூப்பிடு தூரத்திலேயே ஒரு கஃபே. ஏறக்குறைய ஐந்து நட்சத்திரம். எழுதியிருந்தவர்கள் எல்லோரும் ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தார்கள். படங்களில் மஞ்சள் நிறமாக ஒரு கிண்ணம். பரங்கிக்காய் சூப். அம்மாவிடம் காட்டியதும் வீங்கிய கன்னத்தோடு சிரித்தாள். எங்கள் மேட்டு நிலமான கொல்லிமேட்டில் பாதிக்குப் பரங்கிக்கொடிதான். குழம்பு வைப்பாள், பொரியல் செய்வாள். சூப் வைத்ததில்லை.

கஃபேயில் செருப்பை வெளியே விட்டு உள்ளே போனோம். தாழ்வான மேசைகள், உட்கார மெத்தைகள். இரண்டு மேசைகளில், ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள். மற்றதெல்லாம் காலி. கல்லாவிலிருந்து எழுந்து வந்தார் முதலாளி. வெளியூர்க்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"மேடம், இங்க டிபன் ஐட்டம்லாம் கிடையாது."

"டிபன் வேணாங்க. பரங்கிக்காய் சூப்பு ஒண்ணு. எனக்கு ஒரு டீ."

அவர் அம்மாவின் நைந்த நூல் புடவையைப் பார்த்தார். மண் கறை ஏறிய அவள் கால் விரல்களைப் பார்த்தார். "இது விசிட்டர்ஸ் வர்ற இடம் மேடம். உங்களுக்கு டேஸ்ட் செட் ஆகாது. ரெண்டு கடை தள்ளி மெஸ் இருக்கு, நல்லா இருக்கும்."

"அங்க சூப்பு இல்லியே."

"டேபிள்லாம் ரிசர்வ்டு."

போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "திறந்திருக்குது, யார் வேணா வந்து உக்காரலாம்னு நீங்கதான் இதுல போட்டிருக்கீங்க. ரிசர்வ்னு எங்க போட்டிருக்குது? படிச்சுக் காட்டுங்க."

அவர் பதில் சொல்வதற்குள் பின்னால் பொத்தென்று ஒரு சத்தம். அம்மா ஜன்னலோர மெத்தையில் உட்கார்ந்துவிட்டாள். சம்மணம் போட்டு, புடவையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டாள். முதலாளி ஏதோ சொன்னார். அவள் தன் வாயைக் காட்டி, பேச முடியாது என்று கையை ஆட்டினாள். எழுந்திருக்கவில்லை. நானும் எதிரே போய் உட்கார்ந்தேன்.

யாரும் எங்கள் பக்கம் வரவில்லை. சுவர்க் கடிகாரத்தில் அரை மணி நேரம் போயிற்று. பஞ்சைக் கடிக்க டாக்டர் சொன்ன ஒரு மணி நேரமும் முடிந்தது. அம்மா குழாயடிக்குப் போய்ப் பஞ்சைத் துப்பிவிட்டு வந்து, அதே இடத்தில் உட்கார்ந்தாள். அப்போது சமையலறைக் கதவு திறந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். எங்கள் பின்தெருவில் இருப்பவள். இங்கேதான் சமைக்கிறாள் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"பெரிமா, நீயா? இன்னா கன்னம் இப்பிடி வீங்கிக் கீது?"

முதலாளி திரும்பிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமல் உள்ளே போய், ஒரு கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி வந்து அம்மா முன்னால் வைத்தாள். "ஆற வச்சிருந்ததுதான். மெதுவா குடி." அவர் கல்லாவுக்குத் திரும்பிப் போனார். எல்லோர் முன்னாலும் கிண்ணத்தைப் பிடுங்க முடியுமா?

அம்மா கரண்டியைத் தள்ளிவிட்டுக் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தாள். அப்போது ஒரு படம் எடுத்தேன். முழுதும் குடித்துவிட்டு, குழறிக் குழறி, "உப்பு கம்மி" என்றாள்.

அன்று மாலையே எழுதினேன். தமிழில். நடந்ததை நடந்தபடி, ஒரு வார்த்தை கூட்டாமல். சமையல்காரப் பெண்ணைப் பற்றி மட்டும் எழுதவில்லை, அவள் வேலை போய்விடக் கூடாது. ஒரு நட்சத்திரம் போட்டேன். மறுநாளே அவர் பதில் எழுதியிருந்தார்: இப்படி யாரும் வரவேயில்லை, போட்டிக் கடைக்காரர்களின் வேலை என்று. அடுத்த வாரம் என் பதிவையே காணோம். அதே வார்த்தைகளைத் திரும்பப் போட்டேன், இந்த முறை அம்மா கிண்ணத்தோடு இருக்கும் படத்தையும் சேர்த்து.

சில நாள் கழித்து எங்கள் பிரிவு அதிகாரி கூப்பிட்டார். கஃபேக்காரர் அவருக்குத் தெரிந்தவராம்.

"ஏம்மா, ஒரு சூப்புக்காக இவ்ளோ தூரமா? எடுத்துடும்மா. நல்ல மனுஷன்."

"நடக்காததை எழுதியிருந்தா இப்பவே எடுத்துடறேன் சார். உங்க நல்ல மனுஷன் வந்து எங்கம்மா மூஞ்சைப் பாத்து, அப்பிடி நடக்கலைன்னு சொல்லட்டும்."

அவர் கோப்பைப் புரட்ட ஆரம்பித்தார். அதன்பின் பல மாதங்களுக்கு என் விடுப்பு விண்ணப்பங்கள் அவர் மேசையிலேயே தங்கின. தங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் பதிவைப் பார்த்து ஒவ்வொருவராகத் தங்கள் பதிவையும் எழுதத் தொடங்கினார்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி, தன் அப்பாவை வாசலோடு அனுப்பிவிட்டதை எழுதினாள். ஓர் ஆட்டோக்காரர், சவாரி கொண்டுவந்து விடலாம், தண்ணீர் மட்டும் கேட்கக் கூடாது என்று எழுதினார். எல்லாம் தமிழில். அந்தப் பக்கத்தைத் திறந்தால் இப்போது முதலில் தெரிவது நம் எழுத்துதான்.

பல் செட் கட்டி முடித்த அன்று அம்மாவே கேட்டாள், "அங்க போலாமா?" போனோம். ஜன்னலோர இடம் காலியாக இருந்தது, உட்கார்ந்தோம். முதலாளி எங்களை அடையாளம் கண்டுகொண்டார். மெனு அட்டையை வைத்துவிட்டுப் போனார். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் அந்த ஒற்றை நட்சத்திரத்தை மாற்றவில்லை. அம்மா அட்டையிலிருந்த ஆங்கிலத்தை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிவிட்டு, "இதுல கடிக்கிற மாதிரி இன்னா கீது, கேளு" என்றாள். எழுந்துபோய்க் கேட்டேன்.