கோட்டையாக இருக்கலாம்

தொல்லியல் ஆய்வு செய்யும் என் மகள், மண் மாதிரி எடுக்கும் துளைக்குழாயை நிலத்திலிருந்து இழுத்தபோது அதன் கைப்பிடியின் மறுபக்கத்தை நான் பிடித்திருந்தேன். மியூன்ஸ்டர் நகருக்குப் பக்கத்துக் காடு. இரண்டு ஆள் உயரத்தில் ஒரு வட்ட மேடு, அதைச் சுற்றிப் பாதி தூர்ந்த அகழி. குழாயின் பிளவுக்குள் மஞ்சள் மணல், அதன் கீழே விரலகலத்தில் ஒரு கறுப்புப் பட்டை, பிறகு மறுபடியும் மணல்.

"இது பழைய புல்தரை, அப்பா. இதுக்கு மேலை ஆரோ மண்ணைக் கொட்டியிருக்கினம்."

"அப்ப கோட்டைதானே?"

"இருக்கலாம்."

இப்படியான மேடுகளின் உச்சியில் அந்தக் காலத்தில் மரக்கோபுரம் நின்றிருக்கும் என்று அவள் விளக்கினாள். மரம் உக்கிப் போனாலும் தூண் நின்ற இடத்தில் மண் கறுத்திருக்கும். அந்தக் கறுப்பு வட்டங்களைத்தான் அவள் இன்னும் காணவில்லை. உச்சியைத் தோண்ட வேண்டும். தோண்டுவதற்குக் காட்டின் சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும். அவர்தான் ஊர் வரலாற்றுச் சங்கத்தின் தலைவர். பாதையோரத்தில் கோபுரமும் கொடியும் வரைந்து, 'எங்கள் பிரபுக்களின் கோட்டை' என்று அவர் ஏற்கெனவே பலகை நட்டிருந்தார். அவர் மறுத்தால் மகளின் ஆய்வு அந்த மேட்டோடு நின்றுவிடும்.

சங்கக் கூட்டத்துக்குப் போகும் வழியில் காருக்குள் நான் பாடம் எடுத்தேன்.

"பிள்ளை, கேட்டா ஓம், கோட்டைதான் எண்டு சொல்லு. முதல்லை சம்மதம் கிடைக்கட்டும்."

"தெரியாததை எப்பிடி ஓம் எண்டுறது?"

"உவையளிட்டைத் தெரியாது எண்டு சொல்லக்கூடாது. நான் பட்டனான்."

"நீங்கள் பட்டது அகதி விசாரணையிலை. இது வரலாற்றுச் சங்கம், அப்பா. கேக் எல்லாம் குடுப்பினம்."

அவளுக்கு அது பகிடி. எனக்கு அந்த விசாரணை நடந்த சிறிய அறை இன்னும் உடம்பில் இருக்கிறது. ஊரில் என் அண்ணையை எந்த மாதம் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று அதிகாரி கேட்டார். "நினைவில்லை எண்டு மட்டும் சொல்லிப்போடாதை, தம்பி" என்று மொழிபெயர்ப்பாளர் வெளியே வைத்தே எச்சரித்திருந்தார். வாய்க்கு வந்த ஒரு மாதத்தைச் சொன்னேன். எந்த அளவிலும் பிழைக்கு இடமுண்டு, அதையும் சேர்த்து எழுது என்று பேராதனையில் பொறியியல் படித்தவன் நான். அந்த அறைக்குப் பிறகு பள்ளிக்கூடத்திலும் வைத்தியரிடமும் வெளிநாட்டவர் அலுவலகத்திலும் எதைக் கேட்டாலும் என்னிடம் உறுதியான ஒரு பதில் இருந்தது. பயத்தில் பிறந்த உறுதி.

கூட்டத்தில் மகள் படங்களைக் காட்டி முடித்ததும் தலைவர் கேட்டார்: "சரி, கோட்டையா, இல்லையா?"

"மேடு மனிதர் எழுப்பியது. அகழி மனிதர் வெட்டியது. கோட்டையாக இருக்கலாம். இன்றைக்கு அதற்கு மேல் எனக்குத் தெரியாது."

"அப்படியென்றால் பலகையில் கேள்விக்குறி போடட்டுமா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். மண்டபம் சிரித்தது.

"போடலாம்" என்றாள் மகள். சிரிப்பு நின்றுவிட்டது.

தலைவர் என் பக்கம் திரும்பினார். மரியாதையாகத்தான் கேட்டார். "நீங்கள் பொறியியல் படித்தவர், மேட்டில் மகளோடு நின்றவர். நீங்களாவது சொல்லுங்கள். கோட்டைதானே?"

நான் தலையாட்டினால் போதும், அந்தக் கோடையில் தோண்ட அவளுக்குச் சம்மதம் கிடைத்துவிடும். அவள் என்னைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தாயின் வயிற்றில் இருந்த நாளிலிருந்து இந்தப் பிள்ளைக்காகத்தான் நான் எல்லாக் கேள்விக்கும் விடை வைத்திருந்தேன். எழுந்தேன்.

"எனக்கும் தெரியாது" என்றேன். இந்த நாட்டில், பதிலுக்காகக் காத்திருக்கும் ஒருவரின் முகத்துக்கு நேரே, அதை நான் சொன்னது அதுவே முதல் தடவை. கேட்காமலே இன்னொன்றும் சொன்னேன்: "தோண்டினால் தெரியவரும்."

சம்மதம் இன்றுவரை கிடைக்கவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் மகள் போய்க் கேட்கிறாள். இப்போது நானும் கூடப் போகிறேன். தலைவரின் வாசலில் நின்று பேசும்போது என் குரல் நடுங்குகிறது. நடுங்கட்டும்.